நான்கு, பதினாறு, எட்டு

மகன்,

உறையைக் கிழிக்கும் முன் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். இப்போதாவது எடுத்துப் பார். ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு கோடாவது விலகி இருந்தால் யாரோ ஆவி பிடித்துத் திறந்து வாசித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். தபாலில் போகும் கடிதத்தை உன் கைக்கு வருமுன் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னோடு கந்தோரில் வேலை செய்யும் றசீனாவின் தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் அடுத்த கிழமை கனடாவுக்கு வருகிறாள். தங்கமான பிள்ளை. ஆனாலும் மூன்று கையெழுத்துப் போட்டேன். உள்ளே கடுதாசியில் சுற்றி ஒட்டிய தட்டையான பொருள் ஒன்று இருக்கும். அதை இப்போது பிரிக்காதே. கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டுப் பிரி.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டப்போகிற சுகந்தி எனக்குக் கோல் எடுத்தாள். வழக்கம்போலப் பத்து மணிக்குச் சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடையில் போய் நின்றேன். அந்தக் கடைக்காரர் மேசையில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்திருப்பார், காது மட்டும் நம் பக்கம் இருக்கும். அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் நான் எப்போதும் கதைப்பேன். சுகந்தி கல்யாணச் சேலையின் நிறத்தைச் சொன்னாள், மண்டபத்தைச் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மாமி, ஒண்டு கேக்கட்டே, கோவிக்க மாட்டீங்களே? உங்கட மகன் சின்னனில இருந்தே இப்பிடித்தானோ? வெளிக்கிடேக்குள்ள சேர்ட் பொக்கற்றை மூண்டுதரம் தட்டிப் பாக்கிறார். காருக்குள்ள ஏறினாப் பிறகும் தட்டிப் பாக்கிறார். ஒரு நாள் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தவர். கேட்டால், நான் எதையும் துலைச்சுப்போடுவன், என்னை நம்பேலாது எண்டு சொல்லுறார். சனிக்கிழமையில இருபது பேரை இருத்தி மூச்சு விடச் சொல்லிக் குடுக்கிற மனுசன், மாமி!" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் பிள்ளை, சின்னனில இருந்தே அப்பிடித்தான்" என்றேன். அது பொய். சின்ன வயதில் நீ ஒரு அழிறப்பரைக்கூடத் தொலைத்ததில்லை. வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தவள் மத்தியானம் வரைக்கும் எழும்பவில்லை.

என் புத்தி எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பதிவுக் கந்தோரில் இருபத்தாறு வருடமாகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு மாரடிக்கிறேன். சண்டைக் காலத்தில் ஆட்கள் பிள்ளைகளின் வயதைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், பிறந்த இடத்தை மாற்றினார்கள். பிளேட்டால் சுரண்டி அதன்மேல் எழுதுவார்கள். அவர்களிடம் காரணம் இருந்தது. ஆனால் சுரண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பத்திரத்தை நீட்டினால் முதலில் முகத்தைப் பார்ப்பேன், பிறகு பத்திரத்தை ஜன்னலோரம் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பேன். சுரண்டிய இடம் மெல்லிசாகத் தெரியும். இந்தப் புத்தியைக் கந்தோர் அலுமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பாண்காரன் பாணைத் திருப்பித் தந்தால் கருகிய பக்கத்தை மறைக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சும்மா சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு ஒன்பது வயதிலேயே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். இருப்பது ஒரே பிள்ளை. காவலுக்கு என்னிடம் சந்தேகத்தைத் தவிர வேறு நாய் இருக்கவில்லை.

கம்பஸை மூடிவிட்டார்கள் என்று நீ பேராதனையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அந்த வருடத்தை நினைத்துப் பார். மெத்தையைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாய். நாலரைக்கு எழும்பினாய். பாரை மீன் குழம்பென்றால் சட்டியை வழித்து நக்குகிற பிள்ளை, "மீன் வேண்டாம் அம்மா, வயித்துக்குப் பாரமாக் கிடக்கு" என்று தட்டைத் தள்ளி வைத்தாய். திருகோணமலையில் பிறந்து மீன் வேண்டாம் என்று சொல்பவனை நான் எப்படி நம்புவது? விடிய அறைக் கதவைச் சாத்திக்கொள்வாய். திறப்புத் துவாரத்தால் பார்த்தேன். ஓம், பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்றாய். உடம்பை முறுக்கினாய். பிறகு கையைக் காலை விரித்துப் பத்து நிமிடம் பிரேதம் மாதிரி அசையாமல் கிடந்தாய். பயத்தில் கதவில் அடித்தேன். "என்னம்மா?" என்று கேட்டாய். "ஒண்டுமில்லை, தேத்தண்ணி ஆறுது" என்றேன். தேத்தண்ணி போடவே இல்லை. பிறகுதான் ஓடிப்போய்ப் போட்டேன்.

யோகாசனம் என்று நீ மறைக்காமல்தான் சொன்னாய். கம்பஸில் ஒரு சிநேகிதன் பழக்கினான், மனம் அமைதியாகக் கிடக்கிறது, நித்திரை வருகிறது என்றெல்லாம் சொன்னாய். நான்தான் நம்பவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் ஒரு பாடம் மனப்பாடமாக இருந்தது. பிள்ளை கட்டிலை விட்டால், சாப்பாட்டைக் குறைத்தால், விடிய எழும்பி உடம்பை வருத்தினால், கதையைக் குறைத்தால், இயக்கத்துக்குப் போகத் தன்னைத் தயார் பண்ணுகிறான். அடுத்த தெருவில் ஒருவன் ஒரு மாதம் தரையில் படுத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை ரியூசனுக்கென்று சைக்கிளில் போனான். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அவனுடைய தாய், "முதலே விளங்கியிருக்கோணும், முதலே விளங்கியிருக்கோணும்" என்று தலையில் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்கு முதலே விளங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துக்கொண்டேன்.

கந்தோரில் றசீனாவிடம் மட்டும் சொன்னேன். கிண்ணியாவிலிருந்து தினமும் பாதைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வேலைக்கு வருகிற பிள்ளை, ஊர்க் கதையை ஊருக்குக் கொண்டுபோக மாட்டாள். அவள் கேட்டுவிட்டு, "ஏன்க்கா இப்பிடிச் சுத்திச் சுத்தி ஓடுறீங்க? நேரா அவரிட்டயே கேளுங்களேன். பொய் சொல்ற புள்ளையா அவர்?" என்றாள். "கேட்டால் இருக்கிறதையும் மறைச்சுப்போடுவான்" என்றேன். றசீனா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தட்டெழுத்து இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

பிறகு உன் கொப்பியைக் கண்டேன். கண்டேன் என்பதும் சுத்தமான வார்த்தை இல்லை. நீ கடைக்குப் போன நேரம் மேசை லாச்சியை இழுத்துத் துழாவி எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, விடிய நாலே முக்கால் என்று நேரம், பக்கத்தில் 4, 16, 8. அதற்குக் கீழே 10, சில நாளில் 12. வேறு ஒரு சொல் கிடையாது. உன் அறை ஜன்னல் முகாமுக்குப் போகிற றோட்டைப் பார்த்தது. நீ விடிய அந்த ஜன்னலடியில்தான் இருப்பாய். ஆமி வாகனங்களை எண்ணி எழுதி யாருக்கோ கொடுக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த நாள் விடிய நானே முன் கதவு இடுக்கால் நின்று எண்ணினேன். நாலு வாகனம் போனது. அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. எல்லா நாளும் ஒரே எண்ணிக்கையில் எப்படி வாகனம் போகும் என்று பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கொப்பியைக் குசினி அடுப்பில் வைத்து எரித்தேன். நீ தேடியபோது, பழைய பேப்பர்காரனுக்குப் போட்ட கட்டோடு போயிருக்கும் என்றேன். "பரவாயில்லை அம்மா, புதுசு ஒண்டு எடுக்கிறன்" என்று போய்விட்டாய். நீ கோபப்படாததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கடிதத்தை ஆவி பிடித்துத் திறப்பதைச் சொன்னேன் அல்லவா? அந்த வேலை எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசித்திருப்பாய். உன் சிநேகிதன் சமிந்த கண்டியிலிருந்து எழுதிய கடிதத்தைக் கொதிக்கிற கேத்திலின் மூக்கில் பிடித்துத் திறந்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்தான். அடக்கி வைப்பதில் அவசரப்படாதே, ஒவ்வொரு நாளும் குறித்து வை, தயார் என்று உனக்கே தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டம் என்று இருந்தது. சிங்களப் பெயரைப் போட்டு எழுதினால் ஆமி பிரித்துப் பார்க்காது என்று இயக்கம் கண்டுபிடித்த தந்திரமாக்கும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உறையைத் திரும்ப ஒட்டி உன் மேசையில் வைத்தேன்.

அந்தக் கிழமைதான் நீ இலங்கைத்துறைக்குப் போகப் போவதாகச் சொன்னாய். "வெள்ளிக்கிழமை ஒருக்காப் போயிட்டு வாறன் அம்மா. கம்பஸில என்னோட படிச்ச பொடியன் அங்க இருக்கிறான். அவனுக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தம். மருந்து அங்கால போகுதில்லையாம். மூச்சுப் பயிற்சி ஒண்டு காட்டிக் குடுத்தால் கொஞ்சம் சுகமா இருக்கும்." மூத்தூருக்கு லோஞ்ச், அங்கிருந்து தோப்பூர் தாண்டி பஸ், பிறகு நடை. அந்தப் பக்கம் இயக்கத்தின் பக்கம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். முட்டு வருத்தம் என்று எவ்வளவு அழகாகக் காரணம் தயாரித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். புதன்கிழமை மத்தியானம் நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் சட்டை தொங்கியது. பையில் கைவிட்டு உன் அடையாள அட்டையை எடுத்தேன். அது இல்லாமல் இறங்குதுறையைத் தாண்ட ஏலாது. தையல் மெசினின் கீழ் லாச்சியில், பொத்தான் பேணிக்கு அடியில் வைத்தேன்.

ஆம் மகன். நீ தொலைக்கவில்லை. நான் எடுத்தேன். இதை எழுத எனக்கு எட்டு வருடம் எடுத்திருக்கிறது, ஆகவே நீயும் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை வாசி.

வெள்ளிக்கிழமை விடிய நீ வீட்டைத் தலைகீழாக்கினாய். பை, மேசை, பாய்க்கு அடி, புத்தகம் புத்தகமாக உதறினாய். நானும் உன்னோடு குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன். கையில் விளக்குமாற்றோடு தேடினேன். நீ கடைசியில் கதிரையில் இருந்து, "எங்கயோ விழுத்திப்போட்டன். இப்பிடி ஒரு நாளும் நடந்ததில்லையே" என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த குழப்பத்தை நான் பார்த்தேன். ஒரு கிழமை போகட்டும், ஏதாவது புத்தகத்துக்குள் இருந்து எடுத்ததுபோல் கொடுப்போம் என்று எனக்குள் திட்டம் போட்டிருந்தேன். திங்கட்கிழமை பொலிசில் போய் என்ட்ரி போடுவதாக நீ சொன்னாய். சுற்றிவளைப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை ஏழு மணி இருக்கும். ஒலிபெருக்கியில் ஆண்கள் எல்லோரும் அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். நீ மறுபடியும் அந்தச் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாய். மூன்று தரம். சுகந்தி மூன்று என்று சொன்ன பிறகு நான் ஏன் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று இப்போது விளங்குகிறதா? படலையில் இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீங்கள் ஒரு இடத்திலயும் காணேல்லையே?" என்று கேட்டாய். தையல் மெசின் எனக்கு நாலு அடி தூரத்தில் இருந்தது. "இல்லை மகன்" என்றேன். பிறகு எனக்கே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். அட்டையைக் கொடுத்தால் பெயரைப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள், கொப்பி விஷயம் வெளியே வரும் என்றெல்லாம். எல்லாம் பிறகு கட்டிய கதை. உண்மை இதுதான். உன் கண்ணுக்கு முன்னால் அந்த லாச்சியை இழுத்து அட்டையை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை வேவு பார்த்தவள் என்று நீ அறிந்துவிடுவாய் என்று வெட்கம். அதற்காக உன்னை அப்படியே அனுப்பினேன். நீ கம்பஸ் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, "பயப்படாதைங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

மைதானத்து வேலிக்கு வெளியே பெண்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம். அட்டை இல்லாதவர்களை ஒரு ஓரத்தில் இருத்தினார்கள். அந்த ஓரத்தில் உன் நீலச் சட்டை தெரிந்தது. பின்னேரம் மற்றவர்களை விட்டுவிட்டு அந்த ஓரத்தை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் முகாம் வாசலுக்குப் போனேன். கிராம சேவகரின் கடிதம், நானே தட்டெழுதிய உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கையில் ஒரு பையில் பிஸ்கட். வாசலில் இருந்த ஆமிக்காரன் பத்திரத்தை வாங்கி, முதலில் என் முகத்தைப் பார்த்தான், பிறகு பத்திரத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தான். நான் கந்தோரில் செய்வது போலவே, அதே மாதிரி, ஒரு பக்கம் சரித்து. மொழிபெயர்க்க நின்றவர், "அடையாள அட்டை எங்கயாம் எண்டு கேக்கிறார்" என்றார். "துலைஞ்சு போச்சு" என்றேன். ஐந்தாம் நாள் அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். நேற்றுவரை தொலைந்தது இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் உன்னை இன்னும் சந்தேகப்படுவார்களே என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. அதே பையோடு திரும்பி வந்து அதே லாச்சியில் வைத்தேன்.

நீ வந்தாய். மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தாய், குளித்தாய், படுத்தாய். அடுத்த நாள் காலையில் நான் தேங்காய்ப்பால் சொதி கிளறிக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் இருந்து நீயாகவே சொன்னாய். "முழங்காலில இருக்க வைச்சவங்கள் அம்மா. பக்கத்தில இருந்தவர் மயங்கி விழுந்திட்டார். நான் எண்ணிக்கொண்டே இருந்தனான். நாலு, பதினாறு, எட்டு. நாலு, பதினாறு, எட்டு." எனக்குக் கை நின்றுவிட்டது. "என்னது நாலு?" என்று கேட்டேன். நீ சாதாரணமாக, "மூச்சு அம்மா. நாலு எண்ணும் வரைக்கும் இழுக்கிறது, பதினாறு வரைக்கும் உள்ளுக்கை வைச்சிருக்கிறது, எட்டு வரைக்கும் விடுறது. அப்பிடிப் பத்து, பன்னிரண்டு சுற்று. அந்தக் கொப்பியில எழுதி வைச்சனான், பேப்பர்காரன் கொண்டு போனது" என்றாய். சொதி திரைந்துவிட்டது. அன்றைக்கு இடியப்பத்தைச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டாய், நினைவிருக்கிறதா? ஏன் என்று நீ கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்குப் பெரிய அடி. "எல்லாரும் நடுங்கேக்குள்ள நீ ஏன் நடுங்கேல்லை, எங்க ட்ரெயினிங் எடுத்தனீ எண்டு அதிகாரி கேட்டவன். யோகாசனம் எண்டு சொன்னன். நம்பேல்லை. மூண்டு நாள் அதையேதான் கேட்டவங்கள். பிறகு ஒரு நாள் செய்து காட்டு எண்டாங்கள். நடுவில இருந்து செய்தனான். ஒருத்தன் சிரிச்சான், ஒருத்தன் பேசாமப் பாத்துக்கொண்டு நிண்டான்." அந்த அதிகாரியை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் அவனும் நானும் ஒரே கண்ணால்தான் உன்னைப் பார்த்திருக்கிறோம். அமைதியாக இருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனைப் பார்த்து, இவன் ஏதோ பயிற்சி எடுத்தவன் என்று அவனும் நினைத்தான், பெற்றவளும் நினைத்தேன். "அப்ப அந்தப் பழக்கத்தாலதான் நீ மாட்டினனீயோ?" என்று கேட்டேன். நீ, "மாட்டினனோ தப்பினனோ தெரியேல்லை அம்மா. ஆனா அங்க ஒண்டும் என்ர கையில இல்லை. சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, எப்ப விடுவாங்கள் எண்டும் தெரியாது. மூச்சு மட்டும் என்ர கையில கிடந்தது. அது காணும்" என்றாய். பிறகு, "பிழை என்ரதான். அட்டையைக் கவனமா வைச்சிருக்கோணும்" என்றாய். நான் உன் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன்.

புது அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியதும் நான்தான். தவறுதலாகத் தொலைந்தது என்று என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். அந்தப் பத்திரத்தை யார் வெளிச்சத்தில் பிடித்தாலும் சுரண்டிய இடம் தெரியாது. புது அட்டை வந்தது, ஒரு வருடத்தில் நீ கனடா போனாய். இலங்கைத்துறைக்கு நீ பிறகு போகவே இல்லை. அந்த முட்டு வருத்தக்காரப் பிள்ளை இப்போது எங்கே என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுவும் என் கணக்கில்தான்.

போகும் முன் நீ எனக்கும் பழக்கப் பார்த்தாய். "மூக்கைப் பிடியுங்கோ அம்மா, தோளை இறக்குங்கோ" என்று முன்னால் இருந்து சொல்வாய். உன் மனம் நோகக் கூடாதென்று பிடித்தேன், நீ விமானம் ஏறியதும் விட்டுவிட்டேன். போன வருடம் பிரஷர் ஏறித் தலை சுற்றி விழுந்த பிறகு திரும்பத் தொடங்கினேன். கடிதத்தில் நீ ஒவ்வொரு முறையும் கேட்பாய், நானும் செய்கிறேன் என்று எழுதுவேன், அது உண்மையா என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்காது. போன வருடத்திலிருந்துதான் அது உண்மை. பதினாறு வரை இந்த வயதில் ஏலாது, எட்டோடு நிற்கிறேன். சர்வரோக நிவாரணி என்று சொல்கிறவர்களை இன்றைக்கும் நான் நம்பவில்லை. முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. பிரஷருக்குக் குளிசையும் போடுகிறேன். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு நாள் விடிய பாயில் இருக்கும்போது றோட்டில் வாகனச் சத்தம் கேட்டது. எண்ணாமலே என் மூச்சு நின்றுவிட்டது. சத்தம் போய் எவ்வளவோ நேரமாகியும் நின்றபடியே இருந்தது. அப்போதுதான் யோசித்தேன். படலை திறக்கும் சத்தத்துக்கு, நாய் குரைப்பதற்கு, நீ ஐந்து நிமிடம் பிந்தினதற்கு, இத்தனை வருடமும் நான் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பிடிக்க எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. விடத்தான் தெரியவில்லை. இப்போது எட்டு எண்ணி விடப் பழகுகிறேன். விடும்போது சில நாளில் அழுகை வருகிறது. வந்தால் அழுதுவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குகிறேன். நித்திரை வருகிறது, நீ அன்றைக்குச் சொன்னதுபோலவே.

கல்யாணம் கட்டப் போகிறாய். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தாய் என்றால் சொல்லாமல் இருக்க ஏலாது. சுகந்தியின் கைப்பையை ஒரு நாளும் திறக்காதே. அவளுக்கு வரும் கடிதத்தை அவளே பிரிக்கட்டும். மனதில் ஏதாவது உறுத்தினால் அன்றைக்கே, முகத்தைப் பார்த்துக் கேள். றசீனா எனக்குச் சொன்னது அதுதான், அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதம் எழுதத் தேவை வந்திருக்காது. கேட்டால் பொய் சொல்வார்கள் என்று பயப்படாதே. பொய் சொன்னாலும், நீ துழாவி எடுத்ததைவிட அது சின்னச் சேதம். பிள்ளை பிறந்து அவன் அறைக் கதவைச் சாத்தினால், துவாரத்தால் பார்க்காதே, கதவைத் தட்டு. தட்டிவிட்டுத் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்வதானால் உண்மையிலேயே தேத்தண்ணி போட்டுவிட்டுத் தட்டு. இந்தக் கடிதத்தைச் சுகந்திக்கும் வாசிக்கக் கொடு. சின்னனில இருந்தே அப்பிடித்தான் என்று நான் அவளுக்குச் சொன்ன பொய்யும் அதோடு திருந்தட்டும்.

இனி அந்தக் கடுதாசிச் சுற்றைப் பிரி. படத்தில் உனக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஒரு மூலையில் தையல் மெசின் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கிறது. வேறு சேதம் இல்லை. இதற்கு இனி ஒரு பயனும் கிடையாது, எந்த ஆமிச் சென்றியிலும் உன்னிடம் இதை யாரும் கேட்கப் போவதில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள். அடுத்த முறை கை அங்கே போனால், தொட்டுப் பார்த்துவிட்டு நட. நீ எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. உன்னை நம்பலாம்.

கோபம் வரும். வரட்டும். அதைப் பதினாறு எண்ணும் வரைக்கும் உள்ளே வைத்திருக்காதே, எனக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல் கொமினிகேஷன் கடையில் நிற்பேன். நீ எடுக்காவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் நிற்பேன். இந்த முறை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க மாட்டேன். கடைக்காரர் ஒட்டுக் கேட்பார். கேட்கட்டும்.

அம்மா